பூட்டு வாங்கும் முன் கொண்டியைப் பாருங்கள்: வீடு, கடை, வண்டிக்கான பூட்டும் சாவிக்காரரும்

திருட்டு நடந்த வீட்டு வாசலைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் பூட்டு பூட்டினபடியே தொங்கும். பேந்து கிடப்பது கொண்டியும் நாதாங்கியும்தான். கள்ளச்சாவி போட்டுத் திறக்கிற கைத்திறன் எல்லாத் திருடனுக்கும் கிடையாது. கடப்பாரையும் இரண்டு நிமிஷ அவகாசமும் எவனுக்கும் கிடைக்கும். பத்து லீவர் பூட்டை (உள்ளே சாவி தூக்குகிற பத்துத் தகடு வைத்தது) வாங்கி வந்து, முக்கால் அங்குல ஸ்குரூ நாலில் நிற்கிற தகரக் கொண்டியில் மாட்டினால் பூட்டுக்குக் கொடுத்த காசு வீண். பூட்டு எதில் தொங்கப் போகிறது, கதவு எதைப் பிடித்து நிற்கிறது, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.

கொண்டி, நிலவு (கதவைச் சுற்றியிருக்கும் நிலைச் சட்டம்), கீல்

கொண்டியை ஸ்குரூவில் நிறுத்தவே கூடாது. 6 அல்லது 8 மி.மீ. குமிழ்த்தலை போல்ட்டைக் கதவின் வெளிப்பக்கமிருந்து உள்ளே முழுக்க விட்டு, உள்ளே அகலமான வாஷரும் நட்டும் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். வெளியே வழவழப்பான தலை மட்டும் தெரியும், ஸ்குரூ டிரைவருக்குப் பிடி கிடைக்காது. அந்தத் தலைக்கு அடியில் இருக்கிற சதுரக் கழுத்து, கொண்டியின் சதுர ஓட்டையில் சரியாக உட்கார வேண்டும். வட்ட ஓட்டைக் கொண்டியில் போட்டால் நட்டை முடுக்கும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும், ஆசாரி பாதி முடுக்கோடு விட்டுவிடுவார். கொண்டித் தகடு 3 மி.மீ. கனமாவது இருக்கட்டும். இரும்பு கேட் என்றால் கொண்டியையும் நாதாங்கியையும் வெல்டிங் வைத்துவிடுங்கள். முனையில் பொட்டு வைத்தால் போதாது, சுற்றிலும் வைக்கச் சொல்லுங்கள்.

கதவுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு என்றால் பலவீனமான இடம் நிலவுக்காலில் இருக்கிறது. பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டை 65 முதல் 75 மி.மீ. நீள ஸ்குரூவில் நிறுத்த வேண்டும். பெட்டிக்குள் பூட்டோடு வருகிற ஸ்குரூ பெரும்பாலும் இதில் பாதிகூட இருக்காது, மேல் மரத்தோடு பிளந்துகொண்டு வந்துவிடும். நாக்கு 20 முதல் 25 மி.மீ. வரைக்கும் வெளியே வர வேண்டும். அதற்கு நிலவில் அந்த ஆழத்துக்குக் குழி வேண்டும். குழியைப் பாதி ஆழத்தில் நிறுத்திவிட்டு மேலே தகட்டை அடித்துவிட்டுப் போகிற வேலையை நிறையப் புது வீடுகளில் பார்க்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு கதவைச் சாத்தித் திருப்புங்கள். திறந்த கதவில் இரண்டு சுற்று, சாத்தின கதவில் ஒரு சுற்றுதான் என்றால் குழி ஆழம் பத்தவில்லை. உளி வைத்து ஆழப்படுத்தினால் அரை மணி நேர வேலை.

ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதி நிலவோடு உரசும். ஆனைமலை, வால்பாறைப் பக்கம் வருஷத்தில் பாதி நாள் இப்படித்தான். கதவு கீழே இறங்கினாலும் நாக்கு தகட்டின் விளிம்பில் இடிக்கும். சாவி சுற்றவில்லை என்று பலம் கொடுத்துத் திருப்புவார்கள், சாவி முறுக்கிக்கொள்ளும், அடுத்த மாசம் உள்ளேயே ஒடியும். பழி பூட்டின் மேல் விழும். அங்கே பூட்டில் ஒரு குறையும் இருக்காது. கீல் ஸ்குரூவை முடுக்கி, உரசுகிற இடத்தில் இழைப்புளி போட்டால் சரியாகிவிடும்.

கீலையும் ஒரு பார்வை பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஆணி வெளியே தெரியும். அதைத் தட்டி உருவினால் பூட்டைத் தொடாமலே கதவு கழன்றுவிடும். மோட்டார் ரூம், குடோன் கதவுகளில் இந்தக் குறை சகஜம். இரும்பென்றால் ஆணித்தலையில் வெல்டிங் வையுங்கள். மரமென்றால் கீல் பக்கக் கதவு விளிம்பில் 10 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இரண்டு தடித்த ஸ்குரூ இறக்கி, எதிரே நிலவில் அவை புகும் ஓட்டை போடுங்கள். ஆணியை உருவினாலும் கதவு அசையாது.

முன்வாசலுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டுப் பொடக்காளிக் (கொல்லைப்புற) கதவை ஒற்றைத் தாழ்ப்பாளில் விடுகிற வீடுகளும் ஏராளம். வீட்டுக்குள் புகுகிறவன் தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்று வேலை பார்க்க மாட்டான். பின்கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று உள்பக்கம் இரண்டு தடித்த தாழ்ப்பாள், நடுவில் சுவருக்குச் சுவர் ஒரு குறுக்கு இரும்புப் பட்டை. இதற்குப் பூட்டே தேவையில்லை.

தொங்கு பூட்டு: கடையிலேயே செய்யும் சோதனை

தொங்கு பூட்டுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும். நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள் முன்கதவுக்குப் பதிப்புப் பூட்டு போட்டு, தொங்கு பூட்டை கேட்டின் உள்பக்கம் மாட்டுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் அந்த வீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

கடையில் முதலில் வளையக்கம்பியைப் பாருங்கள். சைக்கிளுக்கும் அலமாரிக்கும் 6 முதல் 8 மி.மீ. போதும். கேட், மோட்டார் ரூம், ஷட்டருக்கு 10 முதல் 12 மி.மீ. கம்பி வேண்டும். அது கடினப்படுத்திய உருக்கு என்று கம்பியிலேயே பொறித்திருக்க வேண்டும், பித்தளைக் கம்பியும் சாதா இரும்புக் கம்பியும் ரம்பத்துக்கு நிமிஷம் தாங்காது. கம்பிக்கும் பூட்டின் உடம்புக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருப்பது நல்லது, கடப்பாரை முனை உள்ளே போக இடமிருக்காது. கம்பியின் இரண்டு காலிலும் வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் இருந்தால்தான் உள்ளே இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பூட்டு சுத்தியலால் ஓங்கி அடித்தால் வாய் திறக்கும்.

பித்தளை என்று சொன்னால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசின இரும்பு. இரும்பு உடம்பு தப்பில்லை, அடிக்கு நன்றாகவே தாங்கும். மழையில் நனைகிற இடத்துக்குத்தான் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும்.

அடுத்து, பலரும் செய்யாத சோதனை. கடைக்காரரிடம் அதே மாடலில் இன்னும் மூன்று நாலு பூட்டு எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றின் சாவியை மற்றவற்றில் போட்டுத் திருப்புங்கள். மலிவுப் பூட்டுகளில் சாவி வகை குறைவு, ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறந்துவிடுவதுண்டு. அப்படித் திறந்தால் அந்த மாடலையே ஒதுக்குங்கள். சாவியின் வெட்டையும் கவனியுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் எல்லா வெட்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் வேண்டாம், வேறு எடுங்கள். கடைசியாக, கூட வருகிற ஒவ்வொரு சாவியையும் பத்துத் தடவை போட்டுத் திருப்புங்கள். மூன்றில் ஒன்று முரண்டு பிடித்தால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் போராட வேண்டியிருக்கும்.

லீவர் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. லீவர் என்பது உள்ளே சாவி தூக்குகிற தகடு. ஒவ்வொரு தகடும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் நாக்கு நகரும். நாலு லீவர் அலமாரிக்கு, ஆறு முதல் எட்டு வரை வாசலுக்கு. அதற்கு மேலே எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், மிச்சப் பணத்தைக் கொண்டியில் போடுங்கள். லீவருக்குப் பதில் ‘பின்’ என்கிற சின்னக் குச்சிகளைச் சாவி தூக்குகிற பின் வகைப் பூட்டில், ஐந்து பின்னைவிட ஆறு மேல். ஐரோப்பியத் தரம் அச்சிட்டிருந்தால், தொங்கு பூட்டுக்கு ஈ.என். 12320 என்கிற எண்ணில் 1 முதல் 6 வரை படி உண்டு, எண் கூடக்கூடப் பலம் கூடும். கேட்டுக்கு 3, குடோனுக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கொங்கு நாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திண்டுக்கல். அந்த ஊர்க் கைவேலைப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு உட்பட லீவர் வைத்துக் கையால் செய்கிற வகைகள் அங்கே இன்னும் கிடைக்கின்றன. கோயில், குடோன், பழைய பெட்டகம் மாதிரி இடங்களுக்கு இவை நல்ல பூட்டுகள். சாவி மெஷினில் ரெடிமேடாக வெட்ட அச்சுச் சாவி (இன்னும் வெட்டாத வெறும் சாவி) கிடைக்காது, அரம் வைத்துக் கையால்தான் ராவ வேண்டும். தொலைத்தால் சிரமம். அதே காரணத்தால் யாரும் சுலபமாக நகல் எடுக்கவும் முடியாது.

சிலிண்டர் மாற்றுவது நீங்களே செய்யலாம்

புது வீடுகளின் முன்கதவில் இப்போது பெரும்பாலும் கைப்பிடியோடு வரும், கதவுக்குள் பதிக்கிற மார்ட்டிஸ் பூட்டுதான். அதில் சாவி போகிற பாகம் தனி. அதுதான் சிலிண்டர். சாவி தொலைந்தாலோ, வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்தாலோ, ஆசாரியும் பெயின்டரும் மாசக்கணக்கில் சாவி வைத்திருந்து வேலை முடித்துப் போனாலோ, முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சிலிண்டர் மட்டும் போதும்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் விளிம்பைப் பாருங்கள். பூட்டின் நாக்குக்குக் கீழே, சாவி ஓட்டைக்கு நேராக ஒரு நீள ஸ்குரூ இருக்கும். அதைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு மெல்லக் கொஞ்சம் மட்டும் சாய்த்துப் பிடித்தால், நடுவிலிருக்கும் சின்ன இரும்புப் பல் சிலிண்டரின் உடம்போடு நேராகும். அந்த நிலையில் இழுத்தால் சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வரவில்லையென்றால் சாவி கூடவோ குறையவோ திரும்பியிருக்கிறது, சுத்தியல் எடுக்காதீர்கள்.

அளவை முழு நீளமாக மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஸ்குரூ ஓட்டையின் நடுவிலிருந்து வெளிமுனை வரை எத்தனை, உள்முனை வரை எத்தனை என்று தனித்தனியாக அளக்க வேண்டும். 60 என்று சொன்னால் 30க்கு 30, 70 என்றால் 35க்கு 35ஆகவும் இருக்கலாம், 30க்கு 40ஆகவும் இருக்கலாம். பழைய சிலிண்டரையே கையில் கொண்டு போவது உத்தமம். புதுசு பொருத்தினபின் வெளிப்பக்கம் கதவுத் தகட்டுக்கு மேலே 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டினால் திருடன் பிளையரில் பிடித்து ஒடித்துவிடுவான். ஸ்குரூ ஓட்டை இருக்கிற நடுப்பாகம்தான் சிலிண்டரிலேயே மெல்லிய இடம், அங்கேதான் முறியும்.

வீட்டுக்கு வெளியே சாவி, உள்ளே திருகு வைத்ததை வாங்குங்கள். ராத்திரி தீப்பிடித்தால் புகையில் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. கதவில் கண்ணாடி இருந்தால் மட்டும் யோசியுங்கள், உடைத்துக் கைவிட்டுத் திருகிவிடலாம். குழிகுழியாகப் புள்ளி வைத்த சாவியை இங்கே கம்ப்யூட்டர் சாவி என்கிறோம். அது வாங்கினால் பல மாடல்களில் கூட ஒரு எண் அட்டை வரும். கம்பெனியில் நகல் எடுக்க அந்த எண்ணைக் கேட்பார்கள். அட்டையை சாவிக்கொத்தோடு வைக்காதீர்கள்.

விரல்ரேகைப் பூட்டு யாருக்கு ஒத்துவரும்

ஒத்துவராதவர்களை முதலில் சொல்லிவிடலாம். மண்வெட்டி பிடித்த கை, தறி ஓட்டின கை, சிமென்ட் குழைத்த கை, மஞ்சள் வேவித்துப் பதம் பார்த்த கை. இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், ரேஷன் கடை மெஷினிலேயே தடுமாறுவார்கள். வயதானவர்களுக்கும் அப்படித்தான். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் எண் பலகையும் கார்டும் சேர்ந்த மாடல்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன் அவரையே கடைக்குக் கூட்டிப்போய்ப் பத்துத் தடவை விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம் தேவையில்லை, இது பேட்டரியில் ஓடுகிறது. நாலோ எட்டோ பென்சில் பேட்டரி. சார்ஜ் குறைந்தால் கத்த ஆரம்பிக்கும். அப்போதே எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், பழசும் புதுசும் கலக்காதீர்கள். முழுக்கத் தீர்ந்துபோனால் வெளியே கீழ்ப்பக்கம் 9 வோல்ட் பேட்டரி வைக்கிற இரண்டு புள்ளியோ, பவர் பேங்க் செருகும் துளையோ இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். அவசரச் சாவி ஒன்றும் கூட வரும். அந்தச் சாவியைப் பீரோவுக்குள் வைத்தால் என்ன பிரயோஜனம்? அது வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். கம்பெனி போட்டுக்கொடுத்த எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள். நேரடி மழை, வெயில் படுகிற தோட்டத்துக் கேட்டுக்கு இந்த வகை வேண்டாம்.

தோட்டத்துச் சாளை, மோட்டார் ரூம்

பக்கத்து வீடே கால் கிலோமீட்டரில் இருக்கிற தோட்டத்து வீடுகளில் வயதானவர்களைக் குறிவைத்து நடந்த கொலை கொள்ளைகள் நம் கொங்குப் பக்கத்தையே உலுக்கின. அங்கே பூட்டின் வேலை, உள்ளே இருப்பவர்களுக்கு அவகாசம் வாங்கிக்கொடுப்பது. வாசல் திண்ணைக்கு வெளியே கம்பிக்கதவு ஒன்று, உள்பக்கமே பூட்டுகிற மாதிரி. மரக்கதவில் பார்வைத் துளையும் சங்கிலியும். ராத்திரி நாய் குரைத்தாலோ மோட்டார் நின்றாலோ கதவைத் திறந்துகொண்டு போய்ப் பார்க்கக் கூடாது, முதலில் 112க்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போன். கம்பிக்கதவின் சாவி இருட்டிலும் கைக்கு எட்டுகிற ஒரே இடத்தில் தொங்கட்டும், வெளியே இருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில்.

மோட்டார் ரூமில் திருடு போவது கேபிளும் ஸ்டார்ட்டரும். தகரக் கதவுக்கு 12 மி.மீ. கம்பிப் பூட்டு போட்டாலும் கதவையே மடக்கிவிடுவார்கள். கதவுக்கு ஆங்கிள் சட்டமும், பூட்டைச் சுற்றி மூன்று பக்கம் தகடு அடைத்த பெட்டியும் வைத்து வெல்டிங் செய்யுங்கள். பூட்டுக்குக் கீழேயிருந்து கை மட்டும் நுழையும், ரம்பமோ கடப்பாரையோ நுழையாது. நாலைந்து இடத்தில் பூட்டு வேண்டியிருந்தால் ஒரே சாவிக்குத் திறக்கிற செட் கேட்டு வாங்கலாம். தேங்காய்க் குடோன் சாவியை மட்டும் அந்த செட்டில் சேர்க்காதீர்கள், தண்ணி பாய்ச்சுகிறவர் கையில் அதுவும் போய்விடும்.

கடை, கம்பெனி

ஷட்டருக்கு இரண்டு ஓரத்திலும் பூட்டுவது போதும் என்று நினைக்கிறார்கள். எட்டடிக்கு மேல் அகலமான ஷட்டரில் இரண்டு ஓரமும் பூட்டியிருக்க, நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பட்டைகள் வளைந்து ஆள் நுழைய வழி விட்டுவிடும். நடுவிலும் தரையோடு பிடிக்கிற பூட்டு கட்டாயம். தரையில் பதிக்கும் வளையம் 16 மி.மீ. கம்பியாக, கான்கிரீட்டில் ஒரு சாண் ஆழம் இறங்கியிருக்க வேண்டும். டைல்ஸ் மேல் போல்ட் போட்டு நிறுத்தின வளையம் ஒரே நெம்பில் டைல்ஸோடு வரும். வளையத்தைக் கம்பி வெளியே தெரிகிற சாதாப் பூட்டில் பூட்டாமல், கம்பி உடம்புக்குள்ளேயே மறைகிற ஷட்டர் பூட்டிலோ வட்டப் பூட்டிலோ பூட்டுங்கள். வெட்டுவதற்குக் கம்பியே தெரியாது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பூட்டைக் கெடுப்பது பஞ்சுத் தூசி. கைக்கெட்டின தையல் மெஷின் எண்ணெயைச் சாவி ஓட்டையில் ஊற்றுவார்கள், அது தூசியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாசத்தில் களிம்பாகி பின்களை அசையவிடாது. சாயப்பட்டறையில் கெடுப்பது உப்பும் நீராவியும், முலாம் பூசின பூட்டு அங்கே வருஷம் தாங்காது. பித்தளை உடம்பும் எஃகுக் கம்பியும், ஓட்டைக்கு மூடியும் இருக்கிறதாக வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. ராத்திரி ஷிஃப்ட்டில் ஆட்கள் வேலை பார்க்கும்போது, விடுதியில் ஆட்கள் தூங்கும்போது, வெளியே பூட்டு போடக் கூடாது. துணி திருடு போகிறது என்ற கவலைக்கு வேறு வழி இருக்கிறது. வெளியேறும் கதவுக்கு, உள்ளேயிருந்து உடம்பால் தள்ளினால் திறக்கிற தள்ளுகம்பிப் பூட்டு போட்டு, திறந்தால் அலாரம் அடிக்கும்படி செய்யலாம். துணி போனால் மறுபடி நெய்யலாம்.

பள்ளி, ஆஸ்பத்திரி, லாட்ஜுக்கு மாஸ்டர் சாவி முறை வசதி: ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாவி, மேலாளர் சாவி எல்லாவற்றையும் திறக்கும். ஆனால் அந்த ஒரு சாவி தொலைந்தால் எல்லா சிலிண்டரும் மாற்ற வேண்டும். அதனால் மாஸ்டர் சாவி வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சாவி நோட்டு ஒன்று போடுங்கள். சாவியில் எண் மட்டும் குத்துங்கள், "குடோன்", "கேஷ் ரூம்" என்று எழுதி டேக் கட்டாதீர்கள். எந்த எண் எந்தக் கதவு என்பது நோட்டில் மட்டும். வாங்குகிறவர் கையெழுத்து, நேரம், திருப்பின நேரம். சாவி வைத்திருந்தவர் வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே சிலிண்டர் மாற்றுங்கள். அவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல, நாளைக்கு ஏதாவது போனால் அவர் மேல் பழி வராமல் இருக்கவும்தான்.

பணப்பெட்டி எடை நூறு கிலோவுக்குக் குறைந்தால் அதை உடைக்க மாட்டார்கள், தூக்கிக்கொண்டே போவார்கள். உள்ளேயிருந்து தரைக்கும் சுவருக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

வண்டி

இப்போதைய பெரும்பாலான கார் சாவிகளின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதைக் கார் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ரோட்டோரத்தில் வெட்டின வெறும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. புதுச் சாவி என்றால் வெட்டுவதோடு, காரின் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது இது சுலபம், செலவும் குறைவு. எல்லாச் சாவியும் தொலைந்த பிறகு போனால் வேலையும் கூலியும் பல மடங்கு. ஆகவே இரண்டாவது சாவி தொலைந்த வாரமே மூன்றாவது செய்துவிடுங்கள். வண்டி வாங்கும்போது சாவியோடு வந்த எண் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை சுருங்கும். அங்கே ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பார்கள், பல இடங்களில் காவல் நிலையத்தில் புகாருக்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதும் கேட்பார்கள்.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கிற இடத்தில்) பழைய கார் எடுக்கிறவர்கள் இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இரண்டு சாவியும் எங்கே என்றுதான். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காரின் நினைவிலிருந்து பழைய சாவிகளை அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் பதியச் சொல்லுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார் திறக்கவில்லை என்றால் முக்கால்வாசி ரிமோட் பேட்டரிதான். ரிமோட்டின் ஓரத்தில் சின்னத் தாழைத் தள்ளினால் உள்ளேயிருந்து ஒரு தகட்டுச் சாவி வரும், அதில் கதவைத் திறக்கலாம். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்தால் பல மாடல்கள் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி எண் 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். 2025 விட்டம் ஒன்றுதான், கனம் குறைவு. மாற்றிப் போட்டால் தொடர்பு சரியாகப் படாது. பழசு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் ஸ்கேலையோ கம்பியையோ கண்ணாடி இடுக்கில் விட்டுக் குடையாதீர்கள். இப்போதைய கதவுகளுக்குள் வயர்களும் ஏர்பேக் உணரிகளும் ஓடுகின்றன. வேலை தெரிந்தவர் ஊதி விரிகிற சின்னக் காற்றுப்பையை இடுக்கில் வைத்துக் கதவை நூலிழை விலக்கி, மேலிருந்து கம்பி விட்டுத் திறப்பார். உள்ளே குழந்தை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். சித்திரை வெயிலில் சாத்தின கார் நிமிஷக்கணக்கில் கொதிக்கும். 112க்கு அடித்துக்கொண்டே, குழந்தைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை மூலையில் அடித்து உடையுங்கள். முன் கண்ணாடியை அடிக்காதீர்கள், அது விரிசல் விடுமே தவிர வழி விடாது.

டிராக்டரில் ஒரே மாடலுக்கு ஒரே சாவி பொருந்துவது பலருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை மறைவாகப் பொருத்துங்கள். லாரிக்கும் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கும் டீசல் டேங்க் மூடிப் பூட்டு, ஸ்டெப்னிக்குக் கடினச் சங்கிலி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இது டிரைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டூவீலருக்கு ஹேண்டில் லாக் மட்டும் போதாது, டிஸ்க் பூட்டு வாங்கினால் கலர் கயிற்றில் ஹேண்டிலோடு கட்டி வையுங்கள். மறந்து கிளப்பினால் ஆளும் வண்டியும் விழும்.

சாவிக்காரரைத் தேர்ந்தெடுப்பது

வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது போனில் தேடி முதல் நம்பரை அடிப்பதுதான் தப்பு ஆரம்பிக்கிற இடம். சொற்பத் தொகை சொல்லி வருவார்கள், வந்ததும் "இது ஸ்பெஷல் பூட்டு" என்று துளை போட்டு, பல மடங்கு கேட்பார்கள். உங்கள் பகுதி பஸ் ஸ்டாண்டிலோ கடைவீதியிலோ ஒரே இடத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறவரின் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். ஹார்டுவேர் கடைக்காரரைக் கேட்டால் யார் நல்ல கை என்று சொல்லிவிடுவார்.

போனில் கேட்க வேண்டியது இவ்வளவு: "அண்ணா, சரவணம்பட்டியிலிருந்து பேசறனுங்க. முன்கதவு மார்ட்டிஸ் லாக், சாவி உள்ள மாட்டிக்கிச்சுங்க. வந்து பாக்க எவ்வளவுங்க? பூட்டு கெடாம தொறந்தா எவ்வளவு, ஓட்டை போட்டா எவ்வளவுங்க? புது சிலிண்டர் நீங்களே கொண்டாருவீங்களா?" நாலுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரைக் கூப்பிடுங்கள். "வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி, முன்பணம் ஜீபே பண்ணச் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். நல்ல சாவிக்காரர் உங்களையும் கேள்வி கேட்பார்: வீடு உங்களுடையதா, ஆதாரிலோ கரண்ட் பில்லிலோ இந்த முகவரி இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யாராவது தெரியுமா என்று. அதற்குக் கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் திறந்துகொடுக்கிறவர் நாளைக்கு வேறு ஆளுக்கும் அப்படியே திறந்துகொடுப்பார்.

துளை போடுவது கடைசி வழி. வெறுமனே சாத்திக்கொண்ட கதவை பெரும்பாலும் பூட்டைக் கெடுக்காமலே திறக்கலாம். வந்த வேகத்தில் டிரில்லை எடுத்தால் நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

நகல் சாவி எப்போதும் அசல் சாவியிலிருந்து எடுங்கள். நகலின் நகலில் ஒவ்வொரு தடவையும் இம்மி இம்மியாகப் பிழை சேரும், மூன்றாவது தலைமுறை சாவியை ஆட்டி ஆட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும். வெட்டுகிறவரை அங்கேயே நில்லுங்கள். எத்தனை வெட்டினார் என்று எண்ணுங்கள், பிழையாக வெட்டினதையும் கேட்டு வாங்குங்கள். அச்சுச் சாவி இரும்பா பித்தளையா என்று பார்த்து, பித்தளைப் பூட்டுக்குப் பித்தளைச் சாவியே வாங்குங்கள், இரும்புச் சாவி உள்ளேயிருக்கும் பின்களைத் தேய்க்கும். விளிம்பில் பிசிர் இருந்தால் அரத்தில் ஒரு இழுப்பு இழுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் முதல் தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் புதுச் சாவியைச் சோதிக்க வேண்டும்.

சாவியை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். படத்திலிருக்கிற வெட்டுகளை அளந்தே சாவி செய்துவிட முடியும். லைன் வீட்டில் குடியேறுகிறவர்கள் முதல் நாளே சொந்தப் பூட்டு போடுங்கள், முன்னே இருந்தவர் எத்தனை நகல் எடுத்தார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. மிதியடிக்கு அடியில், துளசிமாடப் பொந்தில், மீட்டர் பெட்டிக்கு மேலே, செருப்புக்குள் சாவி வைக்கிற வழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

எண்ணெய் வேண்டாம்

தேங்காய் எண்ணெய் ஊற்றினால் அன்றைக்குச் சுலபமாகத் திறக்கும், பிறகு தூசி சேர்ந்து இறுகும். பின் வகைப் பூட்டுக்கு கிராஃபைட் தூள்தான் சரி. அது இல்லாவிட்டால் சாவியின் வெட்டுகளில் பென்சிலை அழுத்தித் தேய்த்து, உள்ளே விட்டுப் பத்துத் தடவை திருப்புங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே கழுவுவதற்கு மட்டும். அடித்து, துடைத்து, காயவிட்டு, பிறகு கிராஃபைட். வெளியில் தொங்குகிற பூட்டுகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் தை பிறந்ததும் செய்தால் போதும்.

சாவி உள்ளே ஒடிந்துபோனால் மிச்சத்தை விட்டுக் குத்தாதீர்கள், துண்டு இன்னும் உள்ளே போகும். ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கிற யோசனையும் வேண்டாம், அது பின்களோடு ஒட்டிக்கொண்டால் பூட்டே போச்சு. ஓட்டை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் ஒடிந்திருந்தால் துண்டு வெளியே வராது, மெல்லிய ஸ்குரூ டிரைவர் முனையால் முதலில் நேர்நிலைக்குத் திருப்ப வேண்டும். கொஞ்சம் துருநீக்கி ஸ்ப்ரே அடித்து, மெல்லிய ஊசிமூக்குப் பிளையரால் முனை தெரிந்தால் பிடித்து இழுங்கள். முனை தெரியவில்லையென்றால் ரம்பப் பிளேடின் மெல்லிய துண்டைச் சாவி வெட்டின் ஓரமாக விட்டு, பல் சாவியில் மாட்டும்படி லேசாகத் திருப்பி வெளியே இழுக்கலாம். அதற்கும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டுச் சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். இரண்டு துண்டையும் தூக்கி எறியாதீர்கள். ஒட்ட வைத்து அளவெடுத்தால் அதிலிருந்தே புதுச் சாவி வெட்டித் தருவார்.